மயில் தோகை ஓடணும், ஷாக் அடிக்கக் கூடாது

(நமது சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில், பணி ஓய்வு பெற்ற மின் மேற்பார்வையாளரான நம் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். கேள்வி நேரத்தில் வந்த சில பதில்களும் கடைசியில் சேர்க்கப்பட்டுள்ளன.)

தண்ணீர் டேங்க் பிரச்சினைக்கும் லிப்ட் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கும் நடுவில் எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். கொஞ்சம் கூடினால் செயலாளர் சார் மணி அடிக்க வேண்டாம், கையைக் காட்டினால் போதும்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நம் சி பிளாக் ஆச்சி, அரிமளத்தில் இருந்த தங்கள் பங்கு வீட்டிலிருந்து ஒரு மயில் விளக்குப் படத்தைக் கொண்டு வந்து சங்கத்துக்குக் கொடுத்தார்கள். நாலு அடி அகலம், மூன்று அடி உயரம், தேக்குச் சட்டம். முன்பக்கம் பிளைவுட் பலகையில் எனாமல் பெயின்ட்டில் முருகனும் மயிலும். பலகை முழுக்கத் துளை போட்டு, ஒவ்வொரு துளையிலும் ஒரு குட்டி பல்பு. மொத்தம் 144 பல்புகள். வேலும் உருவத்தின் ஓரமும் நிலையாக எரியும். தோகை மூன்று தாளமாக உள்ளிருந்து வெளியே ஓடும். ஆச்சியின் மாமனார் காலத்தில் கார்த்திகைக்கும் பிள்ளையார் நோன்புக்கும் முகப்பில் மாட்டி எரிய விடுவார்களாம். இந்தத் தைப்பூசத்துக்கு நம் ஹாலில் அது எரிய வேண்டும் என்பது ஆச்சியின் ஆசை.

கொண்டு வந்த அன்றைக்கே, "பிளக்கை மாட்டிப் பார்த்துவிடலாமே சார், எரிஞ்சா எரியுது" என்று நம்மில் ஒருவர் சொன்னார். ஆர்வத்தில் சொன்னதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இன்று பேசுகிறேன். ஊர் வீட்டிலிருந்து சரவிளக்கு, சுவர் விளக்கு, பெட்டி விளக்கு என்று கொண்டு வந்து வைத்திருக்கிற வீடுகள் நம் குடியிருப்பில் எனக்குத் தெரிந்தே ஆறேழு இருக்கின்றன.

அரிமளத்தைத் தெரியாதவர்களுக்கு: புதுக்கோட்டை மாவட்டம், திருமயம் பக்கம். கோடகநல்லூர் சுந்தர சுவாமிகள் அதிஷ்டானம் இருக்கிற ஊர். நகரத்தார் ஊர்களில் ஒன்று. நான் பிறந்து வளர்ந்ததும் அங்கேதான், வயரிங் கற்றுக்கொண்டதும் அங்கேதான். பர்மாத் தேக்கும் இத்தாலிய சலவைக் கல்லும் பெல்ஜியம் கண்ணாடியும் வைத்துக் கட்டிய வீடுகளைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அந்த வீடுகளின் மின்சாரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 1942இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைந்ததோடு பல குடும்பங்களின் வியாபாரம் உடைந்துபோனது. அதற்குப் பிறகு வீட்டுக்குப் புதிதாகச் செலவு செய்வது குறைந்தது. அதனால்தான் பழைய தேக்குப் பட்டி வயரிங், பீங்கான் கட்அவுட், பித்தளை ஹோல்டர் எல்லாம் அப்படியே கிடந்தன. இப்போது பாகப்பிரிவினையில் வீடு இறங்கும்போது நிலையும் தூணும் ஒரு பக்கம் போக, விளக்குகள் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளுக்கோ, நம்மைப் போன்றவர்களின் பிளாட்டுக்கோ வந்து சேருகின்றன.

மயில் படம் வேறு ஒரு பரம்பரை. அது வெளிநாட்டுச் சரக்கு இல்லை. திருவிழாவில் சீரியல் செட் போடுகிற நம் ஊர் ஆட்களின் கைவேலை. கோயில் வாசலில் சவுக்குக் கம்பு கட்டி ஆளுயரத்துக்கு மேல் அம்மனை பல்பால் வரைவார்களே, அதை ஒரு பெட்டிக்குள் அடக்கியது. வங்காளத்தில் சந்தன்நகர் இதற்குப் பேர்போன ஊர். ஜகத்தாத்ரி பூஜைக்கு அங்கே போடுகிற விளக்குக் காட்சிகளைப் பற்றிப் பேசினால் ஸ்ரீதர் தாஸ் பெயர்தான் முதலில் வரும். இலங்கையில் வெசாக் காலத்தில் போடுகிற தோரணங்களும் இதே குடும்பம்தான். புத்தர் பிறப்புக் கதை முழுவதும் ஆயிரக்கணக்கான பல்பில் ஓடும். கம்ப்யூட்டரோ சிப்போ இல்லாத காலத்தில் எப்படி ஓட்டினார்கள்? ஒரு மர உருளை. அதன் மேல் செப்புத் தகடுகளை வெட்டி ஆணி அடித்திருப்பார்கள். பித்தளை விரல்கள் அதன் மேல் உரசிக்கொண்டிருக்கும். மோட்டார் உருளையைச் சுற்ற, விரலுக்குக் கீழே தகடு வரும்போது அந்த வரிசை எரியும், மரம் வரும்போது அணையும். தகட்டை எங்கே வெட்டுகிறோம், எவ்வளவு நீளம் விடுகிறோம் என்பதில்தான் தோகை விரிவதும் மடங்குவதும் இருக்கிறது. ஓவியம் முன்பக்கம் இருக்கிறது என்று நினைக்கிறோம். என்னைக் கேட்டால் பாதி ஓவியம் பின்பக்கத்து உருளையில்.

இப்போது அபாயத்துக்கு வருகிறேன். பல்பு 6.3 வோல்ட், ரேடியோ டயலில் போடுகிற அதே ரகம். கையில் எடுத்துப் பார்த்தவர்கள் எல்லாம், "ஆறு வோல்ட்தானே, டார்ச் லைட் மாதிரி, என்ன ஆகிவிடும்" என்றார்கள். இதுதான் சீரியல் செட்டில் இருக்கிற பெரிய பொறி. 36 பல்பை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் 36 பெருக்கல் 6.3, கிட்டத்தட்ட 227. அதனால்தான் அதை நேராக 230 வோல்ட்டில் மாட்டுகிறார்கள். ஒவ்வொரு பல்புக்கும் ஆறு வோல்ட்தான் விழுகிறது, உண்மை. ஆனால் ஃபேஸ் பக்கத்து முதல் பல்பின் ஹோல்டரில் விரல் வைத்தால், தரையில் நிற்கிற உங்களுக்கும் அதற்கும் நடுவில் இருப்பது ஆறு வோல்ட் இல்லை, முழு 230.

இன்னும் மோசமானது ஒன்று உண்டு. ஒரு பல்பு போய்விட்டால் வரிசை முழுவதும் அணைந்துவிடும். பார்க்கிறவர், "கரண்ட் இல்லை" என்று நினைத்துப் பின்னால் கையை விடுவார். கரண்ட் ஓடவில்லைதான். ஆனால் அறுந்த இடம் வரைக்கும் மின்னழுத்தம் வந்து நிற்கிறது. அந்தப் போன பல்பைக் கழற்றினால், காலியான ஹோல்டரின் இரண்டு முனைக்கும் நடுவே மொத்த 230 வோல்ட்டும் நிற்கும். எரிகிற சீரியல் செட்டை விட எரியாத சீரியல் செட்தான் ஆபத்து. குழந்தைகள் இருக்கிற வீட்டில் தீபாவளி, கிறிஸ்துமஸ் சரங்களுக்கும் இது பொருந்தும். பல்பு மாற்றுவதற்கு முன் சுவிட்சை அணைத்தால் போதாது. இரண்டு பின் பிளக்கைத் திருப்பி மாட்டியிருந்தால் சுவிட்ச் நியூட்ரலை மட்டுமே வெட்டிக்கொண்டிருக்கலாம். பிளக்கையே உருவுங்கள்.

சரி, படத்துக்குள் என்ன இருந்தது என்று சொல்கிறேன். பிளக் மாட்டாமல், முதலில் பின்பலகையைத் திறந்து புகைப்படம் எடுத்தோம். எண்பதுக்கு மேல் படங்கள். எந்த வயர் எங்கே போகிறது என்று ஒவ்வொன்றுக்கும் நூலில் சீட்டு கட்டினோம். வீட்டில் பழைய பொருளைப் பிரிக்கிற யாராக இருந்தாலும் இதை மட்டுமாவது செய்யுங்கள். பிரித்த பிறகு நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்பது நடக்காத காரியம்.

வயர் இரண்டு ரகம். உருளையிலிருந்து மோட்டாருக்குப் போனது பழைய ரப்பர் வயர், மேலே பருத்தி நூல் பின்னல், உள்ளே ஈயம் பூசிய செப்புக் கம்பி. பருத்தி பார்க்க நன்றாகவே இருந்தது. விரலால் லேசாக மடக்கியதும் உள்ளே இருந்த ரப்பர் பிஸ்கட் மாதிரி பொடிந்து கொட்டியது. இந்த வயர் அசையாமல் இருக்கும்வரை வேலை செய்வது போலவே இருக்கும். அரிமளத்திலிருந்து லாரியில் ஏற்றி இறக்கி, லிப்ட்டில் சாய்த்து வைத்து, சுவரில் சாத்தி, இத்தனை அசைவுக்கும் பிறகு உள்ளே எங்கெங்கே கம்பி அம்மணமாக நிற்கிறது என்று வெளியில் இருந்து யாராலும் சொல்ல முடியாது. "ஊரில் எரிந்துகொண்டுதான் இருந்தது" என்பது இங்கே எரிய விடுவதற்குக் காரணம் ஆகாது.

அடுத்து மெக்கர் வைத்துப் பார்த்தோம். மெக்கர் என்பது 500 வோல்ட் கொடுத்து, கரண்ட் போக வேண்டிய கம்பிக்கும் போகக் கூடாத உலோகத்துக்கும் நடுவில் எவ்வளவு தடை இருக்கிறது என்று காட்டும் கருவி. குறைந்தது 1 மெகாஓம் இருக்க வேண்டும். நமக்கு, பின்னால் தாங்குகிற இரும்பு ஆங்கிளுக்கும் பல்பு வரிசைக்கும் நடுவில், 0.02 மெகாஓம். அதாவது 20,000 ஓம். காரணம் ஒன்றும் பெரிய மர்மம் இல்லை. விரல் உரசிய செப்புத் தூளும் கரியும், கற்பூரப் புகையும், விபூதியும், ஈரமும் சேர்ந்து மரத்தின் மேல் ஒரு படலமாகவே படிந்திருந்தன.

இந்த எண்ணைக் கொஞ்சம் கவனியுங்கள். 230 வோல்ட்டை 20,000 ஓமால் வகுத்தால் 11.5 மில்லிஆம்ப். அந்த இரும்பு ஆங்கிளுக்கு எர்த் கிடையாது, ஏனென்றால் இரண்டு பின் பிளக். படத்தை நேராக்க ஒருவர் ஆங்கிளைப் பிடித்தால், அவர் உடம்பு வழியாகச் சுமார் 10 மில்லிஆம்ப் போகும். பிடித்த கை தானாக இறுகி, விட முடியாமல் போகிற அளவு அது. நம் எல்லோர் வீட்டிலும் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி இருக்கிறதே, அது தட்டிவிடாதா? தட்டாது. 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி அதன் பாதிக்குக் கீழே, அதாவது 15க்குக் கீழே, தட்ட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. எம்சிபி சுத்தமாகக் கண்டுகொள்ளாது. அதன் கணக்கு ஆம்பியரில், மில்லிஆம்ப்பில் இல்லை. ஆர்சிசிபி உயிர் காக்கும் கருவிதான், வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் கெட்டுப்போன ஒரு பொருளை மாட்டுவதற்கு அது அனுமதிச் சீட்டு இல்லை. இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்கிறேன், கையைத் தூக்குங்கள்: உங்கள் ஆர்சிசிபியில் இருக்கிற டெஸ்ட் பட்டனைக் கடந்த மூன்று மாதத்தில் எத்தனை பேர் அழுத்திப் பார்த்தீர்கள்? ... நான்கு பேர். சரி. இன்று வீட்டுக்குப் போனதும் லிப்டில் யாரும் மாட்டாத நேரமாகப் பார்த்து... இல்லை இல்லை, அது உங்கள் வீட்டு ஆர்சிசிபி, லிப்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தாராளமாக அழுத்துங்கள்.

இந்தப் படத்தை என்ன செய்வது என்பதில் எங்கள் நால்வருக்குள்ளும் சண்டையே வந்தது. ஒருவர், "எல்லாவற்றையும் உருவிப் போட்டுவிட்டு ரிமோட் எல்இடி ஸ்ட்ரிப் ஒட்டிவிடலாம்" என்றார். இன்னொருவர், "பழைய பல்பு, பழைய வயர், பழைய மோட்டார், ஒன்றைக்கூட மாற்றக் கூடாது, மாற்றினால் அது அந்தப் படமே இல்லை" என்றார். எனக்கு இரண்டும் சரியாகப் படவில்லை.

ஜப்பானில் அட்சுகோ தனாகா என்று ஒரு ஓவியர். 1956இல் 'மின்சார உடை' என்று ஒன்றைச் செய்தார். வண்ணம் பூசிய பல்புகளும் குழல் விளக்குகளும் வயர்களுமாகக் கோத்து, அதை உடம்பில் மாட்டிக்கொண்டு கண்காட்சியில் நின்றார். எரிய விடுகிற நொடியில் அவருக்கே உயிர்ப்பயம் வந்ததாகச் சொல்லியிருக்கிறார். வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். 1986இல் அதை அவரே மறுபடி செய்தார். அதுதான் இன்று தகமட்சு நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. செய்த கையே முப்பது வருடம் கழித்துப் பல்பையும் வயரையும் புதிதாகப் போட்டது, யாரும் அதைப் போலி என்று சொல்லவில்லை. பல்பு என்பது தேய்ந்து தீர வேண்டிய பொருள். சாமி விளக்கில் திரி மாற்றுகிறோமே, அது மாதிரி. ஆனால் உருளை அப்படி இல்லை. அந்தத் தகடுகளை வெட்டியவர் யார் என்று ஆச்சிக்கும் தெரியாது. அவர் கையெழுத்து அதில்தான் இருக்கிறது. ரிமோட் ஸ்ட்ரிப் ஒட்டினால் மயில் எரியும், ஆனால் கல்யாண மண்டபத்து வாசல் மாதிரி எரியும்.

ஆகவே நாங்கள் செய்தது இது. உருளையும் பித்தளை விரல்களும் அப்படியே இருக்கும், உண்மையாகவே வேலை செய்யும். ஆனால் அதன் வழியே 230 வோல்ட் போகாது, 12 வோல்ட் போகும். 144 பல்பின் இடத்திலும் சின்ன எல்இடி, மூன்று மூன்றாகக் கோத்து 48 தொகுப்பு, ஒவ்வொரு தொகுப்புக்கும் 20 மில்லிஆம்ப். எல்லாம் ஒரே நேரத்தில் எரிந்தாலும் 0.96 ஆம்பியர், 11.5 வாட். பழைய பல்பில் வரிசைக்கு 0.15 ஆம்பியர், நாலு வரிசைக்கும் சேர்த்து 138 வாட். மூடிய மரப்பெட்டிக்குள் 138 வாட் சூடு! அந்தப் பிளைவுட்டில் ஒவ்வொரு துளையைச் சுற்றியும் பெயின்ட் பழுப்பேறி வெடித்திருந்தது அதனால்தான். பல்பை மாற்றியது நம் பாதுகாப்புக்கு மட்டும் இல்லை, முருகனின் முகத்துக்கும் சேர்த்துத்தான்.

வண்ணத்துக்குச் சிரமப்பட்டோம். பழைய பல்பு, தெளிவான கண்ணாடியை வண்ண லாக்கரில் முக்கியெடுத்தது. நீல எல்இடி வாங்கி வைத்துப் பார்த்தால் கண்ணைக் குத்துகிறது, செல்போன் கடை போர்டு மாதிரி இருக்கிறது. கடைசியில் எல்லா இடத்திலும் மஞ்சள் சாய்ந்த வெள்ளை, 2700 கெல்வின் எல்இடி போட்டு, அதன் மேல் வண்ணம் தோய்த்த சின்ன மூடி. இப்போது பச்சை, பச்சை மாதிரி இல்லாமல் கொஞ்சம் அழுக்கான பச்சையாக இருக்கிறது. ஆச்சி பார்த்துவிட்டு, "ஆமா தம்பி, இதுதான்" என்றார்கள். எனக்கு அது போதும்.

உருளையில் உப்புத்தாள் போடவே இல்லை. தகடு மெல்லியது, தேய்த்தால் நாலு முறையில் போய்விடும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற பென்சில் அழிப்பானால் தேய்த்தோம், பச்சைக் களிம்பு வந்துவிட்டது. மோட்டார் 230 வோல்ட். அதைத் தனியாக மேஜையில் வைத்து, பாதுகாப்பான இணைப்பில் ஒரே ஒரு முறை ஓட்டி, உருளைக்கு ஒரு சுற்று எவ்வளவு நேரம் என்று மட்டும் அளந்தோம். நான்கு வினாடி. அதே வேகத்தில், நிமிடத்துக்கு 15 சுற்று சுற்றும் 12 வோல்ட் கியர் மோட்டார் போட்டாயிற்று. பழைய மோட்டார் அதே இடத்தில் இணைப்பு இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது. நாளைக்கு எங்களைவிடக் கெட்டிக்காரர் ஒருவர் வந்து பழையபடி ஆக்க நினைத்தால், ஒரு துளைகூடப் புதிதாகப் போடவில்லை, எல்லாவற்றையும் திரும்ப மாட்டலாம்.

12 வோல்ட் சப்ளை பெட்டி படத்துக்குள் இல்லை, வெளியே காற்றோட்டமாக இருக்கிறது. பிஐஎஸ் பதிவு எண் உள்ளதாக, உள்ளீடும் வெளியீடும் மின்சாரமாகத் தொடர்பில்லாத ரகமாகப் பார்த்து வாங்கினோம். நடைபாதையில் 150 ரூபாய்க்குக் கிடைக்கிற அடாப்டரில் அந்தப் பிரிப்பு நம்பும்படி இருக்காது. அது பிய்த்துக்கொண்டால் 12 வோல்ட் என்று எழுதிய வயரில் 230 வந்து நிற்கும். 12 வோல்ட் பக்கத்திலும் ஒரு 2 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கிறது. குறைந்த வோல்ட் ஷாக் அடிக்காது, ஆனால் ஷார்ட் ஆனால் வயரைப் பழுக்கக் காய்ச்சும். ஷாக் வேறு, தீ வேறு.

சரவிளக்கு வைத்திருப்பவர்களுக்குச் சில வார்த்தை. இதில் முதல் ஆபத்து கரண்ட் இல்லை, எடை. ஊர் வீட்டில் அது தேக்கு உத்திரத்தில் இரும்புக் கொக்கியில் தொங்கியது. நம் பிளாட்டில் பால்ஸ் சீலிங்கின் ஜிப்சம் பலகையில் ஒரு கிலோகூடத் தொங்கவிடக் கூடாது. கான்கிரீட் கூரையில்தான் ஆங்கர் போல்ட் போட வேண்டும். எந்த இடத்தில் துளை போடலாம் என்பதற்குச் சங்க அலுவலகத்தில் இருக்கும் கட்டட வரைபடத்தைப் பார்த்துவிட்டுப் போடுங்கள். கொக்கி விளக்கின் எடையைப் போல நான்கு மடங்கை ஒரு மணி நேரம் தாங்க வேண்டும் என்பது விளக்குகளுக்கான சர்வதேச தரத்தில் உள்ள சோதனை. 15 கிலோ விளக்கு என்றால் 60 கிலோ. மணல் மூட்டை கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள், அடியில் யாரும் நிற்காமல்.

இரண்டாவது, எர்த். பழைய சரவிளக்குகள் பல, மெழுகுவத்திக்கோ எண்ணெய்க்கோ செய்து, பிறகு மின்சாரத்துக்கு மாற்றியவை. கைகள் கண்ணாடி, நுனியில் பித்தளைக் கிண்ணம். மேலே சங்கிலியில் எர்த் வயரைக் கட்டிவிட்டு முடிந்தது என்கிறார்கள். கண்ணாடி கரண்ட் கடத்தாது. ஆகவே அந்த எர்த் நுனிக் கிண்ணத்துக்குப் போய்ச் சேரவே சேராது. ஹோல்டரில் ஃபேஸ் ஒழுகினால் கிண்ணம் உயிரோடு நிற்கும். ஒவ்வொரு உலோகத் துண்டுக்கும் தனியாக எர்த் தொடர்பு கொடுக்க வேண்டும். அது முடியாத வேலையாக இருந்தால், மயிலுக்குச் செய்தது போல 12 வோல்ட்டுக்கு மாற்றிவிடுவது நல்லது. திருகு ரக ஹோல்டராக இருந்தால் ஃபேஸ் நடுப்புள்ளிக்குப் போக வேண்டும், திருகு ஓட்டுக்குப் போகக் கூடாது.

கடையில் "புது வயர் போட்டாச்சு சார்" என்று சொன்னால், ஹோல்டரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தால் அது புது வயர் இல்லை, புது டேப். சூடான பகுதிகளில் வெள்ளை நூல் குழாய் மாதிரி ஏதாவது சுற்றியிருந்தால் சுரண்டாதீர்கள், ஊதாதீர்கள். ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். டியூப்லைட் பெட்டி ரகங்களில் 1970களுக்கு முந்தைய கண்டென்சர் எண்ணெய் கசிந்திருந்தால் வெறும் கையால் தொட வேண்டாம், அதில் பிசிபி என்னும் நச்சுப் பொருள் இருக்கக்கூடும்.

நியான் போர்டு வைத்திருப்பவர் நம்மில் ஒருவர்தான், அவருக்குத் தனியாகவே சொல்லிவிட்டேன். இருந்தாலும் பொதுவில்: அதன் டிரான்ஸ்பார்மர் ஆயிரக்கணக்கான வோல்ட் தருவது, 15,000 வரைகூடப் போகும். அதை வீட்டில் யாரும் திறக்க வேண்டாம். சிவப்புக் குழாயில் நியான் மட்டும். நீலக் குழாயில் பாதரசமும் இருக்கும். உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே போங்கள். வாக்குவம் கிளீனர் போடாதீர்கள், ஆவியாகி வீடு முழுக்கப் பரவும்.

சங்கத்திடம் நான் கேட்பது இரண்டு. ஹாலின் மேற்குச் சுவரில் மயிலுக்கென்று தனி மூன்று பின் சாக்கெட், அதற்குத் தனி ஆர்சிசிபி. மேடைக்குப் போகிற ஒலிபெருக்கி லைனில் மாட்ட வேண்டாம். இரண்டாவது, படம் தரையிலிருந்து ஏழு அடிக்கு மேல் இருக்க வேண்டும், பின்பலகைக்குப் பூட்டு வேண்டும். மொத்தச் செலவுக் குறிப்பு பொருளாளரிடம் இருக்கிறது. புதிய வயரிங்கில் மெக்கர் அளவு 200 மெகாஓமுக்கு மேல் காட்டுகிறது, அந்தச் சீட்டையும் இணைத்திருக்கிறேன்.

கேள்வி நேரத்திலிருந்து:

டெஸ்டர் வைத்துப் பார்த்தால் போதாதா என்று ஏ பிளாக் அம்மா ஒருவர் கேட்டார்கள். போதாது. ரப்பர் செருப்பு போட்டு மர ஸ்டூலில் நின்றால் டெஸ்டர் மங்கலாகத்தான் எரியும், வெயிலில் தெரியவே தெரியாது. டெஸ்டர் எரிந்தால் கரண்ட் இருக்கிறது என்று நம்பலாம். எரியாததால் இல்லை என்று நம்பக் கூடாது. இரண்டு முனை மீட்டரை, முதலில் கரண்ட் இருக்கிறது என்று தெரிந்த இடத்தில் வைத்துப் பார்த்து, பிறகு வேலை செய்கிற இடத்தில், பிறகு மறுபடி தெரிந்த இடத்தில். மூன்று முறை.

பித்தளையைப் புளி போட்டுத் துலக்கலாமா என்று ஒரு கேள்வி. விளக்கோடு சேர்த்து வேண்டாம், ஹோல்டருக்குள் புளித்தண்ணீர் போனால் களிம்பும் ஒழுக்கும் நிச்சயம். கழற்றி எடுத்த கிண்ணத்தைத் துலக்குவது உங்கள் இஷ்டம். எனக்குக் கருத்த பித்தளைதான் பிடிக்கும். கண்ணாடித் தொங்கல்களை ஸ்பிரே அடிக்காமல், ஈரத் துணியால் ஒவ்வொன்றாக, பிளக் உருவிய பிறகு.

யாரிடம் வேலை கொடுப்பது என்று பலரும் கேட்டார்கள். உரிமம் உள்ள வயர்மேன் அல்லது மேற்பார்வையாளர். மெக்கர் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லை என்றால் அவர் நல்ல மனிதராகவே இருக்கலாம், இந்த வேலைக்கு ஆகாது. நம் குடியிருப்புக்குள் என்றால் ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் சங்க அறைக்குக் கொண்டு வாருங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன். பிளக் போட்டுப் பார்த்துவிட்டுக் கொண்டு வராதீர்கள்.

கழற்றிய பழைய பல்புகள் எங்கே என்று ஆச்சியின் பேத்தி கேட்டாள். 144இல் 131 இன்னும் நல்லது. வரிசை எண் எழுதி, பஞ்சு வைத்து, இரண்டு மிட்டாய் டப்பாவில் போட்டுப் படத்தின் அடித்தட்டிலேயே வைத்திருக்கிறோம். பொடிந்த ரப்பர் வயரில் ஒரு சாண் அளவு ஒரு கவரில், தேதி போட்டு, அதே டப்பாவில் இருக்கிறது.